நாத்தனார் கை முழம்

"பதினாறு முழம்னா பதினாறு முழந்தாம்மா. இது சர்க்கார் முத்திரை குத்தின..."

"முத்திரை கோலுக்குத்தானே குத்தியிருக்கு, என் கைக்குக் குத்தலியே. பதினெட்டு வருது..."

"...கெஜக்கோலு. எட்டுக் கெஜம். ஒரு வெரக்கடை முன்னப் பின்ன..."

"...பதினெட்டு முழம் வருதுங்கறேன், காதுல வுழுதா இல்லியா உனக்கு?"

"வருதுன்னா சந்தோசப்படும்மா. துணி கூட வருதுன்னு யாராச்சும் சண்டைக்கு வருவாங்களா?"

"நான் வருவேன். எனக்குப் பதினாறு போதும். ரெண்டு முழம் குறைச்சலா ஒரு புடவை எடு."

கிருஷ்ணப்பன் கெஜக்கோலை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான். கம்பைநல்லூர்ச் சந்தையில் இருபது வருஷமாகப் புடவை மூட்டை அவிழ்க்கிறவன். முழம் குறைகிறது என்று திட்டு வாங்கியிருக்கிறான், கரை வெளுத்தது என்று வாங்கியிருக்கிறான். நீளமாக இருக்கிறது என்று இதுவரை ஒருத்தி வாயிலும் விழுந்ததில்லை. வீட்டில் கன்னடம் பேசுகிற நெசவுக்காரக் குடும்பம் அவனுடையது. மனசு விட்டுப்போனால் அந்தப் பேச்சு தானாக வரும்.

"அய்யோ தேவரே, சாகு, சாகு. போதும்மா தாயி. குறைஞ்ச புடவை கேக்குற மொத ஆளு நீதான்."

எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவள் குள்ளம்மாள். பெயர் வைத்தவர்கள் பின்னால் வரப்போவதைத் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ, பத்து வயசில் நின்ற உயரம் முப்பது வயசிலும் அப்படியே நின்றுவிட்டது. அவள் கை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் ஒரு சின்ன முறம் நீளத்துக்கு மேல் இராது. அந்தக் கையால் அளந்தால் எந்தப் புடவையும் பதினெட்டு முழம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கையால்தான் அளக்க வேண்டும். அவள் பிறந்த வீட்டில் அது சட்டம். கல்யாணப் பெண்ணுக்குக் கூறைப்புடவையை மாப்பிள்ளையின் அக்காள்தான் எடுக்க வேண்டும். அவள் கை முழத்தால் பதினாறு இருக்க வேண்டும். தாம்பாளத்தில் வைத்து மணவறையில் நீட்டுகிற வரைக்கும் அது பெண்ணின் கண்ணில் படக்கூடாது. பட்டுவிட்டால் அந்தப் புடவை கூறைக்கு ஆகாது. வேறு நாள் பார்த்து வேறு புடவை எடுக்க வேண்டும். ஈஸ்வர வருஷத்துத் தை மாதம் அது. முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வேறு நாளுக்கு எங்கே போவது.

அம்மா பெரியம்மாள் காலையில் வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

"நான் மஞ்சளு, மண்பானை, வெத்தலை எல்லாம் பாத்துட்டு வரேன். நீ புடவையை எடு. அஞ்சு தலைமுறையா இப்படித்தான் எடுத்திருக்கோம். சொதப்பிடாத."

"நானா சொதப்புவேன்?"

"நீ ஒண்ணும் சொதப்ப மாட்ட. உன் கல்யாணத்தன்னிக்கு உருண்டது நானு பாரு."

அதுதான் விஷயம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குள்ளம்மாளுக்குக் கூறை எடுத்தவள் அவள் புருஷன் நஞ்சப்பனின் அக்காள். நல்ல ஆகிருதியான பொம்பளை. அவள் தன் உடம்புக்கு ஆகிற மாதிரி ஒரு பாய்மரத்தையே எடுத்து வந்துவிட்டாள். இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துச் செருகியும், பின்கொசுவத்தை ஒரு வைக்கோல் கட்டு கனத்துக்கு வைத்துக் கட்டியும், புடவை தரையை விடவில்லை. மணவறையை மூன்றாவது சுற்று வரும்போது குள்ளம்மாள் தன் புடவையைத் தானே மிதித்து, நிறைகுடத்தையும் தள்ளிக்கொண்டு, தண்ணீரோடு தண்ணீராக மேளக்காரர் மடி வரைக்கும் உருண்டு போனாள். மேளம் நிற்கவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை. இன்றைக்கும் புருஷன் ஊரில் அவளுக்கு "உருண்ட பொண்ணு" என்றுதான் பேர். நஞ்சப்பன் கொஞ்சுவதும் அப்படித்தான், கோபத்தில் கூப்பிடுவதும் அப்படித்தான்.

தன் தம்பி கோவிந்தனுக்கு வாக்கப்பட வருகிறவளுக்கு அப்படி ஒரு பேர் வரக்கூடாது. கூறையில் சிரிப்பு ஏறிவிட்டால் அது சாகிற வரைக்கும் இறங்காது. இதை நினைத்து நினைத்து மூன்று இரவு தூங்காமல்தான் குள்ளம்மாள் சந்தையில் இந்தப் புளிய மரத்தடிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"இத பாருங்க கிருஷ்ணப்பண்ணே. பொண்ணு சின்னப் பொண்ணு. கல்யாணக் கூட்டத்துல தடுக்கி வுழக்கூடாது. அதான் கேக்குறேன்."

"பொண்ணு எவ்ளோ ஒசரம்?"

குள்ளம்மாள் புடவைக் கரையை நோண்டினாள்.

"ஏம்மா, பொண்ணு பாக்கப் போனீங்கல்ல?"

"போனோம். அன்னிக்கு ஒரே மழை. வூட்டுக்குள்ள இருட்டு. அது ஒரு மூலையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. வெத்தலைத் தட்டைக்கூட உக்காந்தபடியேதான் நகத்திக் குடுத்துச்சு."

"மூஞ்சி?"

"கையைத்தான் பாத்தேன். மணிக்கட்டுல பச்சை குத்தியிருந்துச்சு. தேளு. அதுல ஒரு கால் குறைச்சல். குத்துறப்போ கையை இழுத்துருக்கும்போல. ஏழு காலு தேளு."

"தேளுக்குக் காலு குறைஞ்சா என்ன, புடவை குறையக்கூடாதும்மா. நான் சொல்றதைக் கேளு. உன் கையும் வேணாம், என் கோலும் வேணாம். பொதுவா ஒரு கையைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுவோம். எத்தனை வருதோ அதை ரெண்டு பேரும் ஒத்துக்குவோம். ஆயித்தா?"

"எங்க வூட்டுச் சட்டம்..."

"சட்டத்துக்கு நீ அப்புறம் அளந்துக்க. மொதல்ல சண்டை தீரட்டும்."

சொல்லிக்கொண்டே கிருஷ்ணப்பன் நிமிர்ந்து பார்த்தான். ரொம்பவே நிமிர வேண்டியிருந்தது. குள்ளம்மாள் முதுகுக்குப் பின்னால், புடவைக் குவியலைப் பார்த்தபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வந்து நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். கையில் ஒரு காலிக் கூடை. புளியங்கிளை தலையில் தட்டும் என்பதால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். கட்டியிருந்த சேலை கெண்டைக்காலிலேயே நின்றுவிட்டது.

"ஏம்மா நெட்டப் பொண்ணு, இப்படி வா. இந்த அக்காளுக்கு ஒரு புடவை அளந்து குடு."

அந்தப் பெண் தயங்கினாள். குள்ளம்மாள் திரும்பிப் பார்த்தாள். முதலில் முழங்கால் தெரிந்தது. அப்புறம் மெள்ள மெள்ள மற்றதும் தெரிந்தது.

"அடேயப்பா. சும்மா வா கண்ணு. கடிக்க மாட்டேன், கடிச்சாலும் எட்டாது."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையை வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் குள்ளம்மாள் அவளை அண்ணாந்துதான் பார்த்தாள்.

அளக்க வேண்டிய புடவை அரக்கு நிறம். கரையில் ருத்திராட்சக் கொட்டை மாதிரி சின்னச் சின்னப் புள்ளி ஓடும். குள்ளம்மாள் கண் விழுந்தது அதன் மேல்தான். அந்தப் பெண் அதை எடுத்தபோது அவள் கட்டைவிரல் கரையை ஒரு தரம் தடவிப் பார்த்தது. பிறகு முழங்கையை ஊன்றித் துணியை இழுத்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு..."

குள்ளம்மாளும் கூடவே எண்ணினாள். நாலு என்று சொல்லும்போது அந்தக் கை வெயிலுக்கு வந்தது. மணிக்கட்டில் ஒரு பச்சைத் தேள். குள்ளம்மாள் அதன் கால்களை எண்ணினாள். இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் மூன்று.

"எட்டு, ஒம்பது... என்னங்க அக்கா, எண்ணுறதை நிறுத்திட்டீங்க?"

"நீ எண்ணு. நான் மனசுக்குள்ள எண்ணுறேன்."

மனசுக்குள் எண்ணிக்கை எதுவும் ஓடவில்லை. இது மாதம்மாள். தம்பிக்குப் பேசி முடித்த பெண். கூறைப்புடவையைத் தன் கையாலேயே, கண்ணைத் திறந்துகொண்டு, நடுச்சந்தையில் அளந்துகொண்டிருக்கிறாள். அம்மா பானைக்காரனிடம் இருந்து இந்நேரம் கிளம்பியிருப்பாள்.

"பதினாலுங்க. மேல கொஞ்சம் இருக்கு."

"பதினாலா?" கிருஷ்ணப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஒருத்தி கையில பதினெட்டு, ஒருத்தி கையில பதினாலு. நான் இனிமே மூட்டையைத் தூக்கிட்டு மலைமேல போயிடறேன்."

குள்ளம்மாளுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடினால் புடவை? எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. எடுத்த பிறகு இவளுக்குப் பதினாறு முழம் தன் கையால் அளந்து கொடுத்தால், மணவறையில் அது இவள் முழங்காலிலேயே நின்றுவிடும். உருண்ட பொண்ணுக்குப் பக்கத்தில் எட்டாத பொண்ணு. ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் போதுமே, ஊர் காலத்துக்கும் சிரிக்க.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தான் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவுதான். சந்தைக்கு வந்த யாரோ ஒரு பெண், யாரோ ஒரு அக்காளுக்கு உதவி செய்கிறாள்.

"நீ எந்த ஊரு கண்ணு?"

"பொம்மிடிப் பக்கங்க. அத்தை புளி விக்க வந்தாங்க. நானும் கூட வந்தேன்."

"எங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணுகூட அந்தப் பக்கந்தான். கூறை எடுக்க வந்தோம். நீளத்துலதான் வழக்கு."

மாதம்மாள் துணியை மடித்தபடியே, முகத்தைத் தூக்காமல் சொன்னாள்.

"நீளம் எத்தனை இருந்தா என்னங்க அக்கா. நீளமெல்லாம் இடுப்பைச் சுத்தித்தான் ஓடும். கூடக் கெடந்தா கொசுவம் கூட வரும், குறைஞ்சா முந்தி குட்டையாகும். ஒசரத்துக்கு வேண்டியது அகலந்தாங்க. அகலத்தை யாரும் அளந்தே பாக்க மாட்டேங்கறாங்க."

கிருஷ்ணப்பன் கெஜக்கோலால் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். "பேசுறா பாரு. இருபது வருசமா இதைக் கேக்க ஒருத்தி வரலை."

"உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?" என்றாள் குள்ளம்மாள்.

"எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்குதுங்க. கொஞ்சம் ஒசரம். என்னாட்டம்னு வெச்சுக்கங்களேன். அதுக்குச் சடங்குக்கு எடுத்தது, பொங்கலுக்கு எடுத்தது, எல்லாமே கெண்டைக்கால்ல நிக்கும். அது தெருவுல போனா, நாத்து நடப் போறியான்னு பசங்க கேப்பாங்க. இப்ப அதுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. மணவறையிலயும் நாத்து நடுற மாதிரி நிக்கணுமான்னு அதுக்கு அழுகையா வருதுன்னு சொல்லுச்சு."

"அடப் பாவமே. வாயைத் திறந்து மாப்பிள்ளை வூட்ல சொல்றதுதானே."

"எப்படிங்க சொல்றது. பொண்ணு பாக்க வந்தப்போ அந்தப் பொண்ணோட அம்மாவே, எந்திரிச்சியோ சோலி முடிஞ்சுதுன்னு சொல்லி உக்கார வெச்சுட்டாங்களாம். ரெண்டு நாழிகை சம்மணம் போட்டு ரெண்டு காலும் மரத்துப் போச்சாம். வந்தவங்க போன பொறவு எந்திரிக்க முடியாம அங்கேயே சாஞ்சுடுச்சாம்."

குள்ளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தால் கண்டுபிடித்ததாக ஆகிவிடும்.

"அப்போ மாப்பிள்ளைக்கும் தெரியாதா? நாளைக்குப் பக்கத்துல நின்னா அந்தப் பையன் பயந்துக்க மாட்டானா?"

"அவருக்குத் தெரியுங்க." மாதம்மாளின் காது மடல் சிவந்தது. "ஆடி மாசம் பொம்மிடி டேசன்ல சேலத்து ரயிலு ஏறினாங்களாம், இந்தப் பொண்ணும் அவங்கம்மாவும். அதே பெட்டியில அவரும் ஏறினாராம். ஒரு கூடையை மேல் பலகையில வெக்க மூணு தரம் எம்பினாராம். எட்டல. இந்தப் பொண்ணு வாங்கி, எம்பாமலே வெச்சுதாம்."

"கூடையில என்ன?"

"கோழிங்களாம். சேலம் வரைக்கும் கத்திக்கிட்டே வந்துச்சாம். எறங்குறப்போ அதுவேதான் எடுத்துக் குடுத்துதாம். அவரு வாங்கிக்கிட்டு, நீங்க எந்த ஊருன்னு கேட்டாராம். அவ்ளோதான்."

குள்ளம்மாளுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. கோவிந்தன் அதற்கு முன்னால் ஐந்து பெண்ணை வேண்டாம் என்றவன். ஒருத்தி மூக்கு சரியில்லை, ஒருத்தி பேச்சு சரியில்லை, ஒருத்தி வீட்டு நாய் சரியில்லை. இந்தப் பெண்ணைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டதும் ஒரு குறையும் சொல்லாமல் இன்னொரு களி உருண்டை வாங்கித் தின்றான். பொண்ணு பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மூஞ்சியே தெரியலையேடா என்று அவள் கேட்டதற்கு, "பரவால்லக்கா" என்றான். பரவாயில்லையாம். திருட்டுப் பயல். கோழியைச் சாக்கு வைத்துப் பெண் பார்த்து முடித்துவிட்டு, அக்காளை மழையில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

"கிருஷ்ணப்பண்ணே, இந்த அரக்குப் புடவை அகலத்தை அளங்க."

அவன் அளக்க வேண்டியிருக்கவில்லை. மாதம்மாளே கையை வைத்துப் பார்த்துவிட்டாள். ரெண்டு முழம் சொச்சம். உதட்டைப் பிதுக்கினாள். அந்தக் கட்டைவிரல் இன்னொரு தரம் கரையைத் தடவிவிட்டு நகர்ந்தது.

"அகலமா ஒண்ணு இருக்கு," என்றான் கிருஷ்ணப்பன், குரலைத் தணித்து. "ஆனா வெளியே எடுக்க வெக்கமா இருக்கு. என் தம்பி போர்வைத் துப்பட்டி நெய்யற தறியில புடவைப் பாவு நூலைப் பூட்டித் தொலைச்சுட்டான். நெய்ஞ்சு முடிச்ச பொறவுதான் பாக்குறான், ஆளை முழுங்குற அகலம். ஒரு வருசமா மூட்டைக்கு அடியில கெடக்குது. கட்டிப் பாக்குறவங்க எல்லாம், இதுல ரெண்டு பேரு கட்டலாம்னு திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க."

மாதம்மாள் முதுகைக் காட்டி அரக்குப் புடவையை மடித்துக்கொண்டிருக்க, அவன் மூட்டையின் அடிவயிற்றில் கைவிட்டு இழுத்தான். வசம்பு வாசனை வந்தது. அவன் உதறி விரித்ததும் மரத்தடி நிழல் முழுக்கச் சிவந்துபோனது. பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

குள்ளம்மாள் உட்கார்ந்தபடியே பின்னுக்கு நகர்ந்தாள். நிறத்தைப் பார்த்து அல்ல. அந்த அகலத்தைப் பார்த்து. இதே அகலந்தான். இதே பாய்மரந்தான். காலுக்குக் கீழே துணி சுருண்டதும், குடம் சாய்ந்ததும், முதுகில் தண்ணீர் சில்லிட்டதும் அந்த நொடியில் திரும்பி வந்தன.

"வேணாம். இதை மடி. இது ஆளைக் கவுத்துடும்."

"அக்கா, ஒரு தரம் வெச்சுப் பாக்கட்டுங்களா?" மாதம்மாள் கையை நீட்டினாள். தலை அப்போதுதான் புடவைப் பக்கம் திரும்பத் தொடங்கியது.

சட்டம் சுருக்கென்று குத்தியது. அரக்குப் புடவையை இவள் பார்த்தாயிற்று, அது கழிந்தது. இதையும் பார்த்துவிட்டால்?

"கண்ணை மூடு," என்றாள் குள்ளம்மாள்.

"ஏங்க?"

"தூசி பறக்குது. மூடு சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் தொறக்காத."

ஒரு காற்றும் இல்லை. புளிய இலை ஒன்றுகூட அசையவில்லை. மாதம்மாள் குள்ளம்மாளின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நல்ல பிள்ளையாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு எழுந்து நின்றாள். கிளை நெற்றியில் இடித்தது. அப்போதும் திறக்கவில்லை.

கிருஷ்ணப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "எங்கம்மா தூசி?"

"உங்க கண்ணுக்குத் தெரியாது. நீங்க அந்தப் பக்கம் பாருங்க."

அவன் திரும்பிக்கொண்டான். குள்ளம்மாள் புடவையின் ஓரத்தை எடுத்து, எட்டாமல், குதிகாலை உயர்த்தி, அந்தப் பெண்ணின் இடுப்பில் வைத்துப் பிடித்தாள்.

"சுத்திடாத. மேல மட்டும் பிடிச்சுக்க. சுத்திக் கட்டக்கூடாது."

துணி விழுந்தது. குள்ளம்மாள் மண்ணில் குந்தி அதன் மறு ஓரம் எங்கே போகிறது என்று பார்த்தாள். முழங்கால் தாண்டியது. கெண்டைக்கால் தாண்டியது. கணுக்கால் எலும்பை மூடி, பாதத்தின் மேல் வந்து, மண்ணைத் தொடாமல் நின்றது. விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. மெட்டி போடுகிற இடம் கச்சிதமாகத் தெரிந்தது.

"நட."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"நாலு அடி. நான் சொல்றேன், கல்லு ஒண்ணும் இல்ல."

நடந்தாள். தடுக்கவில்லை. துணி காலோடு போய்க் காலோடு வந்தது. திரும்பி வந்தாள். குள்ளம்மாள் குந்தியபடியே அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைக் கவிழ்த்தது புடவை இல்லை, தனக்கு எடுத்தவள் தன்னைப் பார்க்காமல் எடுத்தது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் பட்டது. தானும் அதைத்தான் செய்ய இருந்தாள். ஒரு பெண்ணுக்கு ஒரு புடவை என்று வந்துவிட்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின குள்ளம்மாளுக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன நெறமுங்க?"

"சொல்றேன். ஏரிக்கரை மேல நின்னு, மிளகாப் பழம் காயப் போட்ட களத்தைப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்."

"அந்தச் செவப்பு. நடுப்பகல்ல இல்ல, பொழுது சாயறப்போ."

மாதம்மாள் உதட்டை மடித்துக்கொண்டாள். "கரை?"

"சாமை முத்துறப்போ ஒரு மஞ்சள் வருமே, அது. மூணு விரல் அகலம். உள்ளே ஒரு பச்சைக் கோடு ஓடுது, தேளு நெறத்துல."

'தேளு' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாதம்மாளின் மூடிய இமைகள் ஒரு தரம் துடித்தன. ஆனால் திறக்கவில்லை.

"அந்த ஊர்ப் பொண்ணுக்கு இது பிடிக்குங்களா?" என்றாள் குள்ளம்மாள், மரியாதையாக, யாரோ பெரிய மனுஷியைக் கேட்கிற மாதிரி.

"அது காணாத பொண்ணுங்க. கணுக்கால் மூடுச்சுன்னா கோணியைக் குடுத்தாலும் வாங்கிக்கும்." துணியைக் கட்டைவிரலால் தடவி, "ஆனா இது ரொம்பப் பிடிக்குங்க," என்றாள்.

"குள்ளா."

தூரத்தில் பெரியம்மாளின் குரல். தலையில் பானை, இடுப்பில் வெற்றிலைக் கட்டு, கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்துகொண்டிருந்தாள். குள்ளம்மாள் புடவையை வாரிச் சுருட்டி மடியில் போட்டாள். "போ, போ, கூடையை எடுத்துக்க. அந்த வளையக்காரன் கிட்ட நில்லு. இப்ப தொறக்கலாம், அந்தப் பக்கம் திரும்பித் தொற."

மாதம்மாள் கண்ணைத் திறக்காமலே திரும்பி, மரத்தில் முட்டி, கூடையைத் தடவி எடுத்துக்கொண்டு நாலே எட்டில் வளையல் கடைக்குப் போய்விட்டாள். நல்ல நீள எட்டு.

"எடுத்தியா?" பெரியம்மாள் பானையை இறக்கினாள்.

"எடுத்தாச்சும்மா."

"உன் கையால அளந்தியா?"

"அதைத்தான் இப்ப அளக்கப் போறேன்." குள்ளம்மாள் உட்கார்ந்து, தன் சின்ன முழங்கையை ஊன்றி, சத்தமாக எண்ணினாள். பதினாறு வந்ததும் கையை நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மீதியை மடிப்புக்குள் தள்ளினாள். "பதினாறு இருக்கு. சட்டம் முடிஞ்சுது. மேல இருக்கிறது அண்ணன் கொசுறு."

கிருஷ்ணப்பன் வாயைத் திறந்தான். குள்ளம்மாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பெரியம்மாள் துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நிறத்தில் அவள் முகம் இளகியது. கரையைக் கசக்கிப் பார்த்தாள், இழையை எண்ணிப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள். பிறகு அகலவாக்கில் விரித்தாள். விரித்துக்கொண்டே போனாள்.

"ஏண்டி, இது என்ன அகலம்? பந்தல் போடவா வாங்கற? பொண்ணு இதுக்குள்ள முழுகிப் போயிடுவாளே."

"முழுக மாட்டா."

"நீ உருண்டது மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா. அதான் எடுத்திருக்கேன்."

பெரியம்மாள் இன்னும் என்னமோ சொல்ல வாயெடுத்தவள், வளையல் கடைப் பக்கம் பார்த்து நின்றுவிட்டாள். அங்கே கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தனியாகத் தெரிந்தது.

"யாருடி அவ? பொம்பளைதானா? பெத்தவங்க பொண்ணுக்குச் சோறு போட்டாங்களா, எரு போட்டாங்களா? இவளைக் கட்டிக்கிறவன் ஏணி வெச்சுத்தான் தாலி கட்டணும்."

பெரியம்மாளின் குரல் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் மாடு கூப்பிடுகிற குரல். வளையல் கடையில் அந்தத் தலை குனிந்தது. கழுத்துப் புறம் அப்படியே குறுகிப் போனது, உட்காரச் சொன்னால் இந்த நிமிஷமே உட்கார்ந்துவிடுவதுபோல.

குள்ளம்மாள் புடவையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அதே குரலில், சந்தைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏணிக்கு என்ன பஞ்சம். நம்ம வூட்டுக் கொட்டாயில ஒண்ணு சும்மாதானே சாத்தி வெச்சிருக்கு."

பெரியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அது அட்டாலிப் பரண் ஏர்றதுக்கு."

"அதுக்கும் ஆகும், இதுக்கும் ஆகும்."

வளையல் கடையில் குனிந்த தலை நிமிர்ந்தது. முதுகு குலுங்கியது. வளையல்காரன், "ஏம்மா, வளையலைப் போட்டுப் பாக்கறியா இல்ல சிரிச்சுட்டே நிக்கப் போறியா?" என்று கேட்பது இங்கே வரைக்கும் கேட்டது.

கிருஷ்ணப்பன் புடவையை மஞ்சள் தடவின காகிதத்தில் சுற்றி, நூலால் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தான். ஒரு வருஷச் சுமை இறங்கின முகம். "என் தம்பி தறி மாத்திப் பூட்டினதுக்கு இன்னிக்குத்தான் திட்டறதை வுடறேன். அந்த ஏழு காலுத் தேளை ரொம்பக் கேட்டதாச் சொல்லும்மா," என்றான்.

"எந்தத் தேளு?" என்றாள் பெரியம்மாள்.

"வண்டிக்குப் போலாம்மா," என்றாள் குள்ளம்மாள்.

வண்டியில் பானையைப் படுக்க வைப்பதா நிற்க வைப்பதா என்று பெரியம்மாள் வண்டிக்காரன் காளியனோடு வழக்கைத் தொடங்கினாள். அது சீக்கிரம் தீருகிற வழக்கு இல்லை. குள்ளம்மாள் புடவைக் கட்டை வைக்கோலுக்குள் செருகிவிட்டு, "வெத்தலைக்குச் சுண்ணாம்பு வாங்க மறந்துட்டேன், இதோ வந்துட்டேன்," என்று இறங்கினாள்.

மாதம்மாள் சந்தை வாசலில் அத்தைக்காகக் காத்து நின்றாள். இரண்டு கையிலும் புது வளையல். குள்ளம்மாள் வருவதைப் பார்த்ததும் சட்டென்று முகத்தை யாரோ மாதிரி வைத்துக்கொண்டாள். வைத்த முகம் நிற்காமல் நழுவி நழுவிச் சிரிப்பாகப் போனது.

குள்ளம்மாள் அவள் முன்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, கழுத்து வலிக்க அண்ணாந்தாள்.

"குனி."

மாதம்மாள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். குள்ளம்மாள் அவள் காதைப் பிடித்து, கூட்டத்தில் யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"நெசமாச் சொல்லு. நடுவுல ஒரு தடவையாச்சும் கண்ணைத் தொறந்து பாத்தியா?"